பழைய லண்டன் வீட்டு ஃபயர்பிளேஸ்: கறை, புகை, துரு, ஆடுற டைல்ஸ் – எதுக்கு எங்க பாக்கணும்

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கம் நம்மாளுங்க வாங்கற வீடுங்க நிறைய முதல் உலகப்போருக்கு முன்னாடி கட்டுன டெரஸ் வீடுங்க தான். அந்தக் காலத்துல ரூமுக்கு ரூம் ஃபயர்பிளேஸ், மாடி பெட்ரூம்ல கூட சின்னதா ஒண்ணு, எல்லாத்துலயும் நிலக்கரி எரிஞ்சிருக்கு. அப்புறம் 1952 டிசம்பர் ஸ்மாக்ல, அதாவது கரிப்புகை கலந்த மூடுபனில, ஆயிரக்கணக்குல ஜனங்க செத்து, 1956ல கிளீன் ஏர் ஆக்ட் வந்து, சென்ட்ரல் ஹீட்டிங்கும் வந்ததும் பாதிய கழட்டி எறிஞ்சாங்க, மீதிய ஹார்ட்போர்டு அடிச்சு மூடிட்டாங்க. இப்ப நாம வீட்ட வாங்கி அத திறந்து அழகு பண்ணலாம்னு கை வச்சா ஒவ்வொண்ணா கிளம்புது.

நான் எல்லாருக்கும் சொல்றது இது தான்: ஃபயர்பிளேஸ்ல முன்னாடி தெரியற பிரச்சனைக்கு காரணம் பெரும்பாலும் பின்னாடியோ மேலயோ இருக்கும். கறை சுவத்துல தெரியும், ஓட்டை கூரைல இருக்கும். அதனால பெயிண்ட் டப்பாவ திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல டார்ச் எடுத்து உள்ள தலைய விட்டு மேல பாருங்க, அப்புறம் ரோட்டுக்கு எதிர் பக்கம் போய் நின்னு ஃபோன்ல ஜூம் பண்ணி சிம்னிய பாருங்க. உச்சில நிக்கற குழாய், அதாவது பாட், இருக்கா, திறந்திருக்கா, மூடி போட்டிருக்கா, செங்கல் இடுக்குல காரை இருக்கா, புல்லு முளைச்சிருக்கா. இத பாத்துட்டு வந்து உங்க பிரச்சனை எதுவோ அதுக்கு நேரா படிங்க.

சிம்னி சுவத்துல பழுப்பு கறை, எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் திரும்ப வருது

அதிகமா கேக்கற பிரச்சனை இது தான், அதிகமா காசு வீணாகறதும் இதுல தான். சுவத்துல இருந்து முன்னாடி தள்ளிட்டு நிக்கற அந்த சிம்னி பிரெஸ்ட்ல, முக்காவாசி மாடி ரூம்ல, டீ கறை மாதிரி ஒரு திட்டு. ஸ்டெயின் பிளாக்கர் அடிப்பாங்க, மேல வெள்ளை அடிப்பாங்க, அடுத்த குளிருக்குள்ள அதே இடத்துல வந்து நிக்கும். டேம்ப்னு சொன்னா ஆள் வந்து சுவத்துல ஓட்டை போட்டு கெமிக்கல் ஊத்திட்டு போவாங்க, அது தரையில இருந்து ஏற்ற ஈரத்துக்கான வைத்தியம், மாடில இருக்கற சிம்னி கறைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

காரணம் மூணுல ஒண்ணா இருக்கும், இல்ல மூணும் சேந்து இருக்கும். எதுன்னு கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், கறை எப்ப நனையுதுன்னு கொஞ்ச நாள் கவனிச்சு காலண்டர்ல குறிச்சு வைங்க.

நல்ல மழை பெஞ்ச அன்னிக்கோ மறுநாளோ கறை இருண்டா தண்ணி மேல இருந்து வருது. பாட் மூடி இல்லாம திறந்திருக்கலாம், பாட்ட சுத்தி பூசியிருக்கற காரை வெடிச்சிருக்கலாம், சிம்னியும் கூரையும் சேர்ற இடத்துல இருக்கற ஈயத் தகடு விலகியிருக்கலாம். லாஃப்டுக்குள்ள ஏறி சிம்னி செங்கல தொட்டுப் பாருங்க, அங்கயே ஈரமா இருந்தா ரூஃபர கூப்பிடுங்க, கீழ ஒரு வேலையும் ஆரம்பிக்காதீங்க. பழைய செங்கல் இடுக்குக்கு சுண்ணாம்பு காரை தான் போடணும்னு அவர்கிட்ட முதல்லயே பேசிடுங்க. கெட்டி சிமென்ட் போட்டா தண்ணி வெளிய வர வழி இல்லாம செங்கலுக்குள்ளயே தங்கி, உறைபனில செங்கல் முகம் உரிஞ்சு விழும்.

மழையே இல்ல, ஆனா குளிர்ல ஈரம் வருது, ஃபயர்பிளேஸ் முழுசா அடைச்சு பூசியிருக்கு, கிரில் கூட இல்லன்னா அது உள்ள காத்து ஓடாம வேர்க்கறது. சிம்னி பயன்படுத்தாம மூடறதா இருந்தாலும் கீழ ஒரு வென்ட், மேல மழை விழாம காத்து மட்டும் போற மூடி, ரெண்டும் கட்டாயம் வேணும். சாதாரணமா 9 இன்ச்சுக்கு 6 இன்ச் கிரில் போடுவாங்க. மேலயும் கீழயும் சிமென்ட் வச்சு அடைச்சிட்டா உள்ள மாட்டுன ஈரம் எங்க போகும், நம்ம பெட்ரூம் சுவத்துக்கு தான் வரும்.

மூணாவது தான் ஆளுங்கள குழப்பறது. மழையும் இல்ல, வென்ட்டும் இருக்கு, ரூஃபும் சரி பண்ணியாச்சு, ஆனா வெளிய புழுக்கமா இருக்கற அன்னிக்கெல்லாம் கறை பிசுபிசுன்னு ஈரமாகுது, காஞ்ச அன்னிக்கு மறையுது. இது உப்பு. ஐம்பது அறுபது வருஷம் கரி எரிஞ்ச புகைல இருந்த உப்புங்க செங்கலுக்குள்ள இறங்கி பிளாஸ்டர் வரைக்கும் வந்துடுச்சு, அது காத்துல இருக்கற ஈரத்த தானே இழுக்கும். நம்ம ஊர்ல ஐப்பசி மாசம் அடுப்படில உப்பு ஜாடி தானா கசியுமே, அதே தான் சுவத்துக்குள்ள நடக்குது. இதுக்கு எந்த பெயிண்ட்டும் நிக்காது. அந்த பிளாஸ்டர கொத்தி எடுத்தே ஆகணும், கறை தெரியற இடத்துக்கு மேல சுத்தி இன்னும் ஒரு அடி தள்ளி வெட்டுங்க, செங்கல் மேல பூத்திருக்கற வெள்ளை தூள காஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளிப் போடுங்க, தண்ணி விட்டு கழுவாதீங்க, கழுவினா கரைஞ்சு உள்ளயே திரும்பப் போயிடும். கொத்துன பிளாஸ்டர் குப்பைய தோட்டத்துல கொட்டி வைக்காம பைல கட்டி வெளிய அனுப்புங்க.

அப்புறம் காய விடணும். செங்கல் சுவர் இன்ச்சுக்கு ஒரு மாசம்னு கட்டட வேலைக்காரங்க ஒரு கைக்கணக்கு வச்சிருக்காங்க, சிம்னி முன் சுவர் நாலரை இன்ச் தான், அப்ப நாலஞ்சு மாசம் பொறுக்கணும். பொறுக்க முடியலன்னு பில்டர் உடனே அந்த ரோஸ் கலர் ஜிப்சம் பிளாஸ்டர நேரா செங்கல் மேல பூசிடுவாரு, உப்பு அத தாண்டி ஒரே வருஷத்துல வெளிய வரும். உப்புக்கு தாங்கற ரெனோவேட்டிங் பிளாஸ்டர்னு தனியா இருக்கு, உப்பு ரொம்ப அதிகம்னா குமிழ் குமிழா இருக்கற பிளாஸ்டிக் மெம்ப்ரேன அடிச்சு அதுக்கு மேல பூசலாம். ரெண்டுமே செலவு தான், ஆனா ஒரு தடவ செலவு.

பலகை தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது, உள்ள ஃபயர்பிளேஸ் இருக்குமா

பெரும்பாலும் இருக்கும், இல்லன்னா அது நின்ன குழியாவது இருக்கும். சின்ன கிரில் ஒண்ணு தரைக்கு பக்கத்துல இருந்தா நிச்சயம். கிரில கழட்டி ஃபோன உள்ள விட்டு ஃபிளாஷ் போட்டு படம் எடுத்துப் பாருங்க, உடைக்கறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

ஆனா சுத்தியல் எடுக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம். இதுல மட்டும் அவசரப்படாதீங்க, உயிர் விஷயம்.

கேஸ் ஃபயர் இருந்தா, இல்ல தரைல இருந்து ஒரு செம்பு பைப் நீட்டிட்டு நின்னா, கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல இருக்கற ஆள் தான் தொடணும், அது சட்டம். கார்டு கேட்டு வாங்கிப் பாருங்க. ரெண்டாவது, பழைய போர்டு, பின்னாடி ஒட்டியிருக்கற கயிறு, தகடு இதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, பிரிட்டன்ல அது முழுசா தடையானது 1999ல தான். சாம்பல் கலர்ல நார் நாரா எதாவது தெரிஞ்சா உடைக்காதீங்க, சாம்பிள் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. மூணாவது பேக் பாய்லர். அடுப்புக்குப் பின்னாடி தண்ணி சுட வைக்க ஒரு இரும்புப் பெட்டி வச்சிருப்பாங்க, பின்னால பைப்ப வெட்டிட்டு பெட்டிய அங்கயே விட்டிருப்பாங்க. அதுக்குள்ள தண்ணி அடைஞ்சு இருந்து, தெரியாம நீங்க நெருப்பு வச்சா ஆவி வெளிய போக வழி இல்லாம வெடிக்கும். இங்க அப்படி ஆள் செத்திருக்காங்க. அதனால திறந்த ஃபயர்பிளேஸ்ல பின்னாடி இரும்புப் பெட்டியோ வெட்டுன பைப்போ தெரிஞ்சா, அத எடுக்காம ஒரு தீக்குச்சி கூட கிழிக்காதீங்க.

நாலாவது, மேல என்ன நிக்குதுன்னு பாக்கணும். முன்னாடி இருந்தவங்க கீழ் ரூம் பெருசா வேணும்னு கீழ இருந்த சிம்னி பிரெஸ்ட்ட எடுத்துட்டு மேல டன் கணக்குல செங்கல அப்படியே விட்டிருப்பாங்க, தாங்க ஸ்டீல் இருக்கா, பில்டிங் கண்ட்ரோல் சர்டிபிகேட் இருக்கான்னு வீட்டு பேப்பர்ல தேடுங்க. டெரஸ் வீட்ல சிம்னி பக்கத்து வீட்டோட பொது சுவத்துல தான் இருக்கும், அதுல வெட்டறதுக்கு பார்ட்டி வால் ஆக்ட் 1996 படி நோட்டீஸ் குடுக்கணும். வீடு லிஸ்டட் பில்டிங்னா, அதாவது பாரம்பரியக் கட்டடம்னு அரசாங்கப் பட்டியல்ல இருந்தா, ஃபயர்பிளேஸ கழட்டறதுக்கே அனுமதி வேணும், இல்லாம கழட்டறது குற்றம்.

இது எல்லாம் தாண்டி பலகைய எடுத்தா, பின்னாடி அடைச்ச செங்கல நடுவுல இருந்து ஒண்ணொண்ணா எடுங்க. மேல வளைவாவோ நேராவோ மேல் பாரத்த தாங்கற ஒரு லின்டல் தெரியும், அதுக்கு மேல இருக்கற ஒரு செங்கலயும் அசைக்காதீங்க.

நெருப்பு வச்சா புகை ரூமுக்குள்ள வருது

முதல்ல, வைக்கலாமான்னே பாருங்க. லண்டன்ல பெரும்பகுதி ஸ்மோக் கண்ட்ரோல் ஏரியா. அங்க திறந்த ஃபயர்பிளேஸ்ல விறகு எரிக்கக் கூடாது, அனுமதிச்ச புகையில்லா எரிபொருள் மட்டும் தான். விறகு வேணும்னா அனுமதி உள்ள ஸ்டவ் வைக்கணும். புகை வந்தா இங்கிலாந்துல கவுன்சில் 175ல இருந்து 300 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். உங்க ஏரியா எதுன்னு கவுன்சில் வெப்சைட்ல பாத்துக்கலாம். பக்கத்து வீட்ல ஆஸ்துமா குழந்தை இருந்தா அந்த புகைய அது தான் குடிக்கும், அதையும் நினைச்சுக்கோங்க.

சரி, அனுமதி உள்ள எரிபொருள் தான், ஆனாலும் புகை வருதுன்னா நெருப்பு வைக்காமயே சோதிக்கலாம். ஒரு ஊதுபத்தி ஏத்தி அடுப்பு வாய்க்கு மேல் பக்கம் பிடிங்க. ஜன்னல் எல்லாம் மூடி ஒரு தடவ, ஜன்னல் ஒண்ணு திறந்து ஒரு தடவ, கிச்சன் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் போட்டு ஒரு தடவ. ஜன்னல் திறந்தா மட்டும் புகை மேல போச்சுன்னா ரூமுக்குள்ள காத்து வர வழி இல்ல, டபுள் கிளேஸிங் போட்டு காத்து வர சுவத்துல வச்ச ஓட்டை செங்கல, அந்த பழைய ஏர் பிரிக்க, யாரோ அடைச்சிருப்பாங்க. ஃபேன் போட்டதும் புகை திரும்புதுன்னா ஃபேன் சிம்னியோட காத்த இழுக்குது, புகை மட்டும் இல்ல கார்பன் மோனாக்சைடும் அப்படியே தான் உள்ள வரும். நெருப்பு வைக்கற ரூம்ல சிஓ அலாரம் கட்டாயம் வைங்க, அடுப்புல இருந்து ஒண்ணுல இருந்து மூணு மீட்டர் தள்ளி, உயரமா.

ஊதுபத்தி புகை எப்படி வச்சாலும் அசையாம நின்னா ஃப்ளூ, அதாவது சிம்னிக்குள்ள புகை மேல போற வழி, அடைச்சிருக்கு. கிரேட், அதாவது நெருப்பு எரியற அடுப்புச் சட்டம், காஸ்ட் அயர்ன்னா உள்ள மேல ஒரு இரும்பு மூடி இருக்கும், ரெஜிஸ்டர்னு சொல்வாங்க, அது மூடியே கிடக்கலாம், கைய விட்டு தள்ளிப் பாருங்க. அது இல்லன்னா பறவைக் கூடு. ஜாக்டா காக்கா குச்சி குச்சியா போட்டு ஃப்ளூவ பல அடிக்கு நிரப்பிடும். சிம்னி கிளீன் பண்ற ஸ்வீப்ப கூப்பிடணும், ஆனா குஞ்சு பொரிக்கற வசந்த காலத்துல உபயோகத்துல இருக்கற கூட்ட கலைக்கறது 1981 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம், குஞ்சு பறந்து போற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் மேல பறவை புகாத வலை வச்ச மூடி போட்டுட்டா தொல்லை விட்டுது.

ஃப்ளூ கிளீனா இருக்கு, காத்தும் வருது, ஆனாலும் புகைன்னா அடுப்பு வாய் அளவ அளந்து பாருங்க. இது அலங்காரம் பண்ணப் போய் வர்ற பிரச்சனை. செங்கல் தெரியணும், ரஸ்டிக்கா இருக்கணும்னு சின்ன காஸ்ட் அயர்ன் கிரேட்ட தூக்கிட்டு பின்னாடி இருந்த பெரிய குழிய அப்படியே விட்டுடுவாங்க. பழைய கணக்கு என்னன்னா அடுப்பு வாயோட பரப்பு ஃப்ளூ பரப்புல எட்டு மடங்குக்கு மேல போகக் கூடாது. இந்த வீடுங்கள்ல ஃப்ளூ 9க்கு 9 இன்ச், அதாவது 81 சதுர இன்ச், எட்டு மடங்குன்னா 648, கிட்டத்தட்ட 25 இன்ச்சுக்கு 26 இன்ச் வாய். நீங்க திறந்து வச்சிருக்கற குழி 36க்கு 36 இருந்தா 1296, சரியா ரெண்டு மடங்கு. அவ்வளவு காத்த அந்த ஃப்ளூ இழுக்கவே முடியாது. ஒரு உலோகத் தகட வாயோட மேல் விளிம்புல வச்சு கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கிப் பாருங்க, எந்த உயரத்துல புகை நிக்குதோ அந்த அளவுக்கு நிரந்தரமா ஒரு ஹூட் வைக்கலாம். 1790கள்ல கவுண்ட் ரம்ஃபோர்டுன்னு ஒரு விஞ்ஞானி லண்டன்ல பெரிய பெரிய அடுப்புங்கள இப்படித் தான் சரி பண்ணாரு, வாய சின்னதாக்கி, பக்க சுவர சாய்ச்சு, மேல தொண்டைய ஒடுக்கி. அந்த சின்ன கிரேட் அழகுக்கு மட்டும் வச்சது இல்ல, அது கணக்கு போட்டு வச்சது, தூக்கிப் போட்டுடாதீங்க.

கீழ நெருப்பு வச்சா மாடி பெட்ரூம்ல வாசனை வருதுன்னா அன்னிக்கே நிறுத்துங்க. ரெண்டு ஃப்ளூவுக்கு நடுவுல இருக்கற செங்கல் தடுப்பு விழுந்திருக்கு. ஸ்வீப் புகை டெஸ்ட் பண்ணி சொல்லுவாரு, ஃப்ளூவுக்குள்ள லைனர்ங்கற உள்குழாய் போடாம திரும்ப பத்த வைக்கக் கூடாது.

நெருப்பே வைக்கல, ஆனா குளிர் காத்தும் கரி வாசனையும் வருது

மழை பெஞ்சதும் வாசனை கூடுதுன்னா உள்ள பழைய கரி நனையுது. ஒரு தடவ ஸ்வீப் பண்ணி மேல மூடி போட்டா வாசனை போயிடும். குளிர் காத்துக்கு கம்பளி ஃபெல்ட்ல செஞ்ச அடைப்போ, ஊதற பலூனோ வாங்கி வாய்க்கு மேல சொருகலாம், ரெண்டுமே கொஞ்சம் காத்த விடும், அது நல்லது தான். நியூஸ்பேப்பர், பழைய தலையணை, தெர்மாகோல் எல்லாம் திணிக்காதீங்க. அடைச்சதும் ஒரு சிவப்பு ரிப்பன கண்ணுல படற மாதிரி கீழ தொங்க விடுங்க, நாளைக்கு உள்ள யாரும் மெழுகுவத்தி வரிசை வச்சு அழகு பாக்கக் கூடாது, பலூன் சூட்டுல சுருங்கி நேரா அது மேல தான் விழும். எல்ஈடி மெழுகுவத்தி வைங்க.

காஸ்ட் அயர்ன்ல துரு, இல்ல மேல பெயிண்ட் அடுக்கு அடுக்கா உரியுது

பெயிண்ட் இருந்தா முதல்ல லெட் டெஸ்ட் கிட் வாங்கி சோதிங்க. பழைய வெள்ளை குளாஸ் அடுக்குங்கள்ல ஈயம் இருக்கறது சகஜம், காஞ்ச பெயிண்ட்ட சாண்ட்பேப்பர் போட்டு தேச்சா அந்த தூசு குழந்தைங்க தவழற தரைல தான் படியும். பேஸ்ட் மாதிரி பூசி மூடி வச்சு உரிக்கற ஸ்டிரிப்பர் தான் சரி, பூ, இலைன்னு வார்ப்புல இருக்கற நுணுக்கம் எல்லாம் அப்படியே வெளிய வரும். சாண்ட்பிளாஸ்ட் பண்ற ஆளுகிட்ட குடுத்தா வேகமா முடிஞ்சிடும், ஆனா கை தெரியாதவர்னா அந்த இலை நரம்பெல்லாம் மழுங்கிடும்.

வெறும் துருன்னா கம்பி பிரஷ், அப்புறம் ஸ்டீல் வுல், கொஞ்சம் மண்ணெண்ணெய். துணில ஆரஞ்சு கலர் வராத வரைக்கும் தேச்சுட்டு, உடனே அன்னிக்கே கிரேட் பாலிஷ் போடணும், ராத்திரி விட்டா லண்டன் ஈரத்துக்கு திரும்ப பூக்கும். பாலிஷ் கருப்பா பேஸ்ட் மாதிரி இருக்கும், ரொம்ப மெல்லிசா தடவி, காஞ்சதும் ஷூ பிரஷ்ஷால நல்லா தேய்ங்க, வெள்ளி கலந்த கருப்பு வரும். நெருப்பு எரியற உள் பக்கத்துக்கு பாலிஷ் நிக்காது, அங்க சூடு தாங்கற ஸ்டவ் பெயிண்ட். வார்னிஷ் எங்கயும் வேண்டாம்.

பின்னாடி இருக்கற ஃபயர்கிளே பலகைல மயிர் கீறல் இருந்தா ஃபயர் சிமென்ட் வச்சு அடைச்சா போதும். ரெண்டா பிளந்திருந்தா மாத்தணும், மாத்தறப்ப பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி அட்டைய வச்சு அதுக்குப் பின்னாடி நிரப்பறாங்களான்னு பாருங்க, அட்டை எரிஞ்சு போய் அந்த இடைவெளில தான் சூட்டுல பலகை விரியும். அது இல்லன்னா புதுசும் ஒரு குளிருக்குள்ள வெடிக்கும்.

மரச் சட்டத்துக்கு ஒரு வார்த்தை: பைன் மர சரவுண்ட்ட காஸ்டிக் தொட்டில முக்கி எடுக்க குடுக்காதீங்க, பசை விட்டு மூட்டு பிரியும், ஒட்டி வச்ச பூ வேலை எல்லாம் கரைஞ்சு போயிடும். அந்த பைன் பெயிண்ட் அடிக்கறதுக்குன்னே செஞ்சது, பெயிண்ட்டோட விடறது தான் அதுக்கு மரியாதை.

பக்கவாட்டு டைல் ஆடுது, ஒண்ணு உடைஞ்சிருக்கு

விக்டோரியன் டைல் கிரேட்ல பக்கத்துக்கு அஞ்சு வீதம் பத்து டைல் இருக்கும், ஒவ்வொண்ணும் 6 இன்ச். முன்னாடி இருந்து நெம்பி எடுக்கப் பாக்காதீங்க, வராது, உடையும். இந்த டைலுங்க பின்பக்கத்துல இருந்து சட்டத்துக்குள்ள வச்சு, ஒரு இரும்புப் பட்டைய திருகி, மேல பிளாஸ்டர் ஊத்தி நிறுத்தியிருப்பாங்க. அதனால கிரேட் முழுசையும் முன்னாடி இழுத்தா தான் வழி. பக்க பிளாஸ்டர கொஞ்சம் கொத்தினா ரெண்டு காது மாதிரி இரும்பு தெரியும், சுவத்துல ஆணியோ ஸ்க்ரூவோ அடிச்சிருக்கும், அத எடுத்ததும் கிரேட் அப்படியே நம்ம மேல சாயும், நல்ல கனம், ரெண்டு பேரு இல்லாம தொடாதீங்க. தரைல ஒரு பழைய கம்பளத்த விரிச்சு குப்புற படுக்க வச்சு, திருகுல துரு இளக்கற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டு கழட்டுங்க. டைல எடுக்கறப்பயே பின்னாடி இடது ஒண்ணு, இடது ரெண்டுன்னு சாக்பீஸ்ல எழுதுங்க, ஏன்னா படம் அஞ்சு டைல்லயும் தொடர்ந்து ஓடற செட்டா இருந்தா தண்டு ஒரு பக்கம் பூ ஒரு பக்கம் ஆயிடும்.

புது டைல் வாங்கறப்ப அளவு பாருங்க. பழசு 6 இன்ச், அதாவது 152 மில்லிமீட்டர், இப்ப கடைல கிடைக்கறது நிறைய 150 தான். ஒரு டைலுக்கு ரெண்டு மில்லின்னா அஞ்சு டைலுக்கு ஒரு சென்டிமீட்டர் சந்து விழும், அத கிரவுட் வச்சு அடைச்சா அசிங்கமா தெரியும். சால்வேஜ் யார்டுல பழைய டைல் ஒத்தையா கிடைக்கும், பொறுமையா தேடுங்க. மேல் பூச்சுல வலை மாதிரி மெல்லிய கோடு இருந்தா அது வயசு, உடைசல் இல்ல, மாத்த வேண்டாம். கிளீன் பண்ண வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் போதும், பிரிக் ஆசிட் கிட்டயே கொண்டு போகாதீங்க.

மார்பிள் சரவுண்ட்ல மஞ்ச கறை, எண்ணெய் வட்டம்

முதல்ல அது மார்பிள் தானான்னு பாருங்க. கருப்பா, சிவப்பு பச்சை கோடு ஓடற சரவுண்டுங்க நிறைய மார்பிளே இல்ல, ஸ்லேட் கல்லு மேல பெயிண்ட் அடிச்சு சூளைல வச்சு மார்பிள் மாதிரி பண்ணது. ஷெல்ஃபுக்கு அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலைல டார்ச் அடிச்சுப் பாருங்க, அங்க வெறும் சாம்பல் கல்லு தெரிஞ்சா ஸ்லேட். அதுல ஸ்டிரிப்பரோ ஸ்டீல் வுல்லோ பட்டா நூறு வருஷத்து கைவேலை துணியோட வந்துடும். ஈரத் துணி, மெழுகு, அவ்வளவு தான்.

நிஜ மார்பிள்னா அது குடிக்கற கல்லு. நம்ம வீடுங்கள்ல ஃபயர்பிளேஸ் மேல் பலகை, அதாவது மேன்டல் மேல சாமி படம் வச்சு பக்கத்துல விளக்கு ஏத்தறது வழக்கம், நல்லெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தா துடைச்சாலும் மறுநாள் இருட்டா ஒரு வட்டம் வரும், குங்குமம் பட்டா ரோஸ் கலர்ல நிக்கும். எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் போடாதீங்க, கறை போகாது, பளபளப்பு மட்டும் அரிச்சுப் போய் மங்கலா ஒரு தழும்பு நிக்கும். எண்ணெய்க்கு பொடி வைத்தியம் தான்: வெள்ளை சாக் பவுடர அசிட்டோன்ல தோசை மாவு பதத்துக்கு குழைச்சு, வட்டத்து மேல அரை இன்ச் கனமா அப்பி, கிளிங் ஃபிலிம் ஒட்டி ஒரு நாள் விடுங்க, அப்புறம் ஃபிலிம எடுத்து முழுசா காய விட்டு பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டுங்க. காயறப்ப தான் பொடி எண்ணெய உறிஞ்சும், அதனால காயறதுக்கு முன்னாடி எடுக்காதீங்க. ரெண்டு மூணு தடவ பண்ண வேண்டி வரும். அசிட்டோன் பக்கத்துல விளக்கு, அடுப்பு எதுவும் எரியக் கூடாது, ஜன்னல திறந்து வைங்க. அதுக்கப்புறம் விளக்குக்கு அடில ஒரு பித்தளைத் தட்டு வச்சுட்டா போதும்.

1930கள் வீட்டு பழுப்பு டைல் ஃபயர்பிளேஸ் பிடிக்கல

படிப்படியா இறங்கற மாதிரி, காபி கலர் டைல் ஒட்டுன அந்த மாடல், ஹாரோ, இல்ஃபோர்ட் பக்கம் 1930கள்ல கட்டுன வீடுங்கள்ல இருக்கும். பிடிக்கலன்னா எடுக்கலாம், ஆனா அது ஒண்ணொண்ணா ஒட்டுனது இல்ல, பின்னாடி கான்கிரீட்டோட ஒரே துண்டா ஃபேக்டரில வார்த்தது. பக்கத்துல இருக்கற ரெண்டு காத வெட்டுன உடனே முழு பாரமும் முன்னாடி சாயும், கால் மேல விழுந்தா எலும்பு மிச்சம் இருக்காது. என் அபிப்பிராயம், டைல் உடையாம முழுசா இருந்தா விட்டுடுங்க, சுத்தி சுவத்த அடர் பச்சையோ கடுகு மஞ்சளோ அடிச்சா அந்த பழுப்பு திடீர்னு எடுப்பா தெரியும். டைல் பெயிண்ட் அடிக்கறதும் நெருப்பு வைக்காத அடுப்புக்கு மட்டும் தான் சரி, சூடு பட்டா உரியும்.

ஃபயர்பிளேஸ் மேல டிவி மாட்டினா ஸ்க்ரூ பிடிக்க சுவத்துல வைக்கற பிளக் நிக்க மாட்டேங்குது

சிம்னி முன் சுவர் நாலரை இன்ச் ஒத்த செங்கல் தான், அதுக்குப் பின்னாடி ஃப்ளூ, வெறும் காத்து. நீளமான டிரில் பிட் போட்டு அழுத்தினா நேரா ஃப்ளூவுக்குள்ள போயிடும், அங்க இருந்து கரி பொடி சுவத்து வழியா வெளிய கசியும். செங்கலுக்குள்ள 60ல இருந்து 70 மில்லிக்கு மேல போகாத மாதிரி பிட்ல டேப் சுத்தி அடையாளம் வைங்க. சுண்ணாம்பு காரை இடுக்குல போட்ட பிளக் சுத்திக்கிட்டே இருக்கும், செங்கல் நடுவுல போடுங்க. பழைய செங்கல் மெத்துன்னு இருக்கும், ஹாமர் மோடுல வச்சா ஓட்டை கிண்ணம் மாதிரி ஆயிடும், சாதாரண சுழற்சில மெதுவா போடுங்க. அப்பவும் பிடிக்கலன்னா ரெசின் ஆங்கர் வச்சு ஒரு நாள் இறுக விட்டு மாட்டுங்க.

கீழ நெருப்போ ஸ்டவ்வோ உண்மையா எரியுதுன்னா அதுக்கு மேல டிவி வேண்டாம், சிம்னி பிரெஸ்ட்டுக்குப் பக்கத்துல உள்வாங்குன அல்கோவ்ல வைங்க. வயர மறைக்கணும்னு ஃப்ளூவுக்குள்ள ஓட்டித் தர்றேன்னு எலக்ட்ரீஷியனே சொன்னாலும் ஒத்துக்காதீங்க, பிளாஸ்டர்ல டிவிக்கு நேர் கீழ செங்குத்தா காடி வெட்டி அதுல விடச் சொல்லுங்க.